தெலிகாதோ

கட்டினவன் அவளுக்கு வைத்த பேர் கிளி. சொன்னதைத் திருப்பிச் சொல்வதற்கு உலகத்தில் சம்பளம் வாங்குகிற ஒரே ஜீவன் அவள்தான் என்பது அவன் கட்சி. அவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க ஒரு பெட்டிக்குள் நின்று மேலும் கீழும் போய்வருகிறவனுக்கு அடுத்தவள் பிழைப்பைக் கிண்டலடிக்க என்ன தகுதி என்று அவளும் கேட்டுப் பார்த்தாள். அவன் சிரித்தானே தவிரப் பேரை மாற்றவில்லை. நாமும் கிளி என்றே வைத்துக்கொள்வோம்.

கிளிக்குத் தொலைபேசியில் மொழிபெயர்க்கிற வேலை. அவர்கள் குடியேறியிருந்த நாட்டின் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், காவல் நிலையம் என்று எங்கிருந்தாவது அழைப்பு வரும். அந்தப் பக்கம் இங்கிலீஷ், இந்தப் பக்கம் ஸ்பானிஷ், நடுவில் இவள். கல்லூரியில் பிரெஞ்சு வகுப்பில் இடமில்லை என்று பக்கத்து அறையில் போய் உட்கார்ந்ததால் வந்த ஸ்பானிஷ் அது. வேண்டாவெறுப்பாகப் படித்ததுதான் கடைசியில் சோறு போட்டது.

அவளுடைய அலுவலகம், வீட்டின் சாமான் அறை. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் பழைய மெத்தை ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தாள். ஒரு பக்கம் பெட்டிகள், ஒரு பக்கம் மழைக்குடைகள், நடுவில் மேசையும் கம்ப்யூட்டரும். காற்றாடி போட்டால் மைக்கில் இரைச்சல் கேட்கும் என்பதால் வியர்வையோடுதான் வேலை. எழுதிக்கொள்ளச் சின்ன வெள்ளைப் பலகை ஒன்று உண்டு. அழைப்பு முடிந்ததும் அதைத் துடைத்துவிட வேண்டும். பேசியவர் யார், எந்த ஊர், பிறகு என்ன ஆனார் என்று எதுவும் அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. பாதிக் கதையில் நுழைந்து பாதிக் கதையில் வெளியே வருகிற பிழைப்பு.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. யார் பேசினாலும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவருக்கு வயிறு வலிக்கிறதாம்’ என்று சொல்லக் கூடாது, ‘எனக்கு வயிறு வலிக்கிறது’ என்று சொல்ல வேண்டும். அதனால் கிளி ஒரே நாளில் பிள்ளை பெற்றிருக்கிறாள், திருடிப் பிடிபட்டிருக்கிறாள், மகன் அடிதடி செய்ததற்காகத் தலைமையாசிரியரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். தனக்காக ஏதாவது பேச வேண்டுமானால் ‘மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்’ என்று அறிவித்துவிட்டு, சொல்வதை இரண்டு மொழியிலும் இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டும். ‘சரியாகக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்’ என்பதற்கு மேல் அவளுக்கு அது தேவைப்பட்டதில்லை.

இரண்டு பாஷை தெரிந்தால் மொழிபெயர்ப்பு வந்துவிடும் என்று நினைக்கிற புண்ணியவான்கள் உண்டு. அர்த்தம் தெரியாத சொல் யாரையும் கவிழ்ப்பதில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒன்று போலவே இருக்கிற சொற்கள்தான் கழுத்தை அறுக்கும். டாக்டர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் சாகக் கிடக்கிறான் என்பதை நேராகச் சொல்ல அவர்களுக்கு நாக்கு வராது. ‘சிக்’ என்பார்கள், ‘வெரி சிக்’ என்பார்கள், ‘சீரியஸ்’ என்பார்கள், ‘கிரிட்டிகல்’ என்பார்கள். ஸ்பானிஷிலும் அப்படி ஒரு வரிசை இருக்கிறது: மாலோ, தெலிகாதோ, கிராவே, கிரீத்திகோ. எந்தப் படிக்கு எந்தப் படி என்று அகராதி சொல்லாது. அது எல்லாவற்றுக்கும் எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கும். மொழிபெயர்க்கிறவள்தான் கண்மூடித் திறப்பதற்குள் எடை போட்டுக் கொடுக்க வேண்டும்.

கிளிக்கு எடை போடத் தெரியும். தெரியாமல் செய்தாள் என்று யாரும் அவளுக்காக வக்காலத்து வாங்க வேண்டாம். விஷயம் வேறு. முன்பு ஒரு முறை, மனைவி இறந்துபோனதை ஒரு கிழவரிடம் டாக்டர் சொன்னபடியே பட்டென்று சொன்னாள். போன் தரையில் விழுகிற சத்தமும், ஆள் விழுகிற சத்தமும், யாரோ ஓடிவருகிற சத்தமும் கேட்டன. அதோடு லைன் போய்விட்டது. கிழவர் எழுந்தாரா இல்லையா என்பது இன்று வரை தெரியாது. அந்த நாளிலிருந்து அவள் வாய் தானாகவே சொற்களுக்கு உறை போட ஆரம்பித்தது. கிராவே என்று வர வேண்டிய இடத்தில் தெலிகாதோ வந்தது. ‘கொஞ்சம் பக்குவமாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலைமை’ என்பது மாதிரியான சொல் அது. பொய் இல்லை, ஆனால் உண்மை அதில் முழுசாகவும் இல்லை. ஆஸ்பத்திரிகள் அவளைப் பாராட்டி எழுதின. இவள் பேசினால் யாரும் கூச்சல் போடுவதில்லை என்றார்கள். கூச்சல் போட வேண்டியவர்களையும் போடவிடாமல் செய்துகொண்டிருக்கிறாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான்.

அன்று காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழைப்பில் பேசியது ஒரு டாக்டரம்மா. தீவிர சிகிச்சைப் பிரிவு. நுரையீரல் தொற்றோடு படுத்திருக்கும் ஒருவருடைய மனைவியை வேலையிடத்தில் கூப்பிட்டிருந்தார். அந்தப் பெண் லாண்டரியில் துணி மடிக்கிறவள் போலிருக்கிறது. பின்னால் பெரிய மிஷின்கள் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு ஆண்குரல் ‘போனைக் கீழே வை’ என்று அதட்டியது.

“உங்க வீட்டுக்காரர் நிலைமை இன்னைக்குக் காலையிலேர்ந்து மோசமாயிடுச்சு. கிரிட்டிகல். நீங்க சீக்கிரமா வந்துடுங்க” என்றார் டாக்டரம்மா.

அந்தப் பெண் மூச்சுவிடுகிற சத்தம் கிளியின் காதில் விழுந்தது. ஆட்கள் நடுவில் நின்று கேட்கிறாள், பக்கத்தில் மேஸ்திரி கத்துகிறான். மிஷின் ஓடுகிற இடத்தில் மயங்கி விழுந்தால் என்ன ஆகும்? கிளிக்கு மனசு கேட்கவில்லை. “உங்க வீட்டுக்காரர் இன்னைக்கு ரொம்ப தெலிகாதோவா இருக்கார். முடிஞ்ச அளவு சீக்கிரம் வாங்க” என்றாள் ஸ்பானிஷில்.

“ஓ, தெலிகாதோவா?” என்றாள் அந்தப் பெண். “சரிங்க டாக்டர். வர்றேன். ரொம்ப நன்றி.”

கிளி அதை இங்கிலீஷில் சொன்னாள். டாக்டரம்மாவும் நன்றி சொன்னார். லைன் போனது. பலகையில் ‘கிரிட்டிகல்’ என்று அவள் கையாலேயே எழுதியிருந்ததைத் துணியால் துடைத்தாள்.

துடைத்தாளே ஒழிய அந்தக் குரல் போகவில்லை. ‘ஓ, தெலிகாதோவா’ என்றபோது அந்தப் பெண்ணின் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. எதற்கோ பயந்து போனை எடுத்தவள், ‘அட, இவ்வளவுதானா’ என்று விட்ட மூச்சு அது. புருஷன் சாகக் கிடக்கிறான் என்று கேட்டவளுக்கு வரக் கூடாத மூச்சு. கிளிக்கு அப்போதே புரிந்துவிட்டது. லைனில் இருக்கும்போதே ‘மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்’ என்று குறுக்கிட்டிருக்கலாம். அந்த ஒரு நொடியில் வாய் எழவில்லை.

மதியம் கட்டினவன் சாப்பிட வீட்டுக்கு வந்தான். தட்டில் கையை வைத்துக்கொண்டு அவள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “என்ன கிளி, தொண்டை கட்டிடுச்சா?” என்றான்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்பது விதி. ஆள் அடையாளம் இல்லாமல் நடந்ததைச் சொன்னாள்.

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். “நீ சொன்னது தப்புன்னு உனக்கே தெரியுதுல்ல?”

“தப்புன்னு முழுசா சொல்ல முடியாதுங்க. சீக்கிரம் வாங்கன்னு சொன்னேனே.”

“இங்க பாரு. ஒரு லிஃப்ட்ல வேண்டாத சத்தம் வந்தா, நாளைக்குப் பாத்துக்கலாம்னு நான் விடுவேனா? ஜனங்க திட்டினாலும் நிறுத்திட்டுத்தான் பாப்பேன். உங்க ஆபீஸுக்குப் போன் பண்ணு. அந்த ஆஸ்பத்திரிக்கு மறுபடி பேசச் சொல்லு.”

“டீச்சர் எழுதிப் போட்டுடுவாங்க. ஏற்கெனவே ஒரு தரம் எம்பேர்ல எழுதியிருக்கு. இன்னொண்ணுன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

டீச்சர் என்பது கம்பெனியில் இவர்களை மேற்பார்க்கிற அம்மாள். பதிவான அழைப்புகளில் எப்போதாவது ஒன்றிரண்டைக் கேட்டு மார்க் போடுகிறவர் என்பதால் எல்லோரும் சேர்ந்து வைத்த பேர்.

“அனுப்பினா அனுப்பட்டும். வேற வேலையா இல்ல? இப்பவே பண்ணு” என்று கை கழுவிவிட்டுக் கிளம்பினான். வாசலில் நின்று, “மறந்துடாத” என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போனான்.

அவள் மறக்கவில்லை. சாமான் அறைக்குப் போய் டீச்சரின் எண்ணை எடுத்தாள். அந்தப் பெண் இதற்குள் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று ஒரு மனசு சொன்னது. சீக்கிரம் வா என்றால் எந்தப் பெண்டாட்டிதான் வராமல் இருப்பாள்? அதற்குள் திரையில் புது அழைப்பு மினுக்கியது. ஒரு தாய், பிள்ளையின் தடுப்பூசி விவரம் கேட்கிறாள். கிளி அதை எடுத்தாள். எடுத்தபோது அவளுக்கு ஆறுதலாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். அதை முடித்ததும் இன்னொன்று, அதன் பிறகு இன்னொன்று. ஸ்பானிஷுக்கு அன்று ஆள் குறைவு, பலர் விடுப்பில் இருந்தார்கள். வேலை மேல் வேலை வந்தது. ஒவ்வொரு அழைப்பின் பின்னாலும் ஒளிந்துகொண்டே சாயங்காலம் வரை வந்துவிட்டாள்.

வேலை முடியப் போகிற நேரத்தில் அந்த அழைப்பு வந்தது. ‘தீவிர சிகிச்சைப் பிரிவு’ என்று சொன்ன குரலைக் கேட்டதும் கிளிக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. காலையில் பேசிய அதே டாக்டரம்மா.

“ஒருத்தங்க வந்திருக்காங்க. ஸ்பீக்கர்ல போடுறேன்” என்றார்.

முதலில் பேசியது அந்தப் பெண்தான். ஓடிவந்த மூச்சு. “என் வீட்டுக்காரர் படுக்கை காலியா இருக்குங்க. துணி எல்லாம் மாத்தியிருக்கு. எந்த வார்டுக்கு அனுப்பிட்டீங்க? அவருக்குச் சவரம் பண்ண சாமான் கொண்டுவந்திருக்கேன்.”

கிளி அதை இங்கிலீஷில் சொன்னாள். ‘என் வீட்டுக்காரர் படுக்கை காலியா இருக்கு’ என்று தன் வாயால் சொன்னாள். அந்தப் பக்கம் டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தப் பெண்ணை உட்காரச் சொல்வது கேட்டது.

“ரொம்ப வருத்தமா இருக்கும்மா. உங்க வீட்டுக்காரர் மத்தியானம் இறந்துட்டார்.”

இந்த முறை கிளி எதையும் மாற்றவில்லை. இறந்துவிட்டார் என்பதற்கு ஸ்பானிஷில் இருக்கிற மெத்தை போட்ட சொற்கள் எல்லாம் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டு, குழந்தைக்கும் புரிகிற சொல்லைச் சொன்னாள்.

அந்தப் பெண் கத்தவில்லை. கேட்டது புரியாதவள் மாதிரி நியாயம் பேச ஆரம்பித்தாள். “இல்லீங்களே. காலையில தெலிகாதோன்னுதானே சொன்னீங்க? இங்க சேர்த்த நாள்லேர்ந்து தினமும் போன் பண்ணி அதைத்தானே சொல்றீங்க. நேத்து தெலிகாதோ, முந்தாநாள் தெலிகாதோ. நானும் தினமும் வேலை முடிச்சு வந்து பாத்துட்டுப் போறேன். இன்னைக்கும் அதையே சொன்னீங்க, அதே மாதிரி வந்தேன். இன்னைக்கு மட்டும் வேறன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?”

கிளி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பாதிக் கதையில் நுழைகிறவளுக்கு முந்தின நாள் தெரியாது. உறை போட்டுப் பேசுகிற புத்தி தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். இவளைப் போன்ற இன்னும் எத்தனை கிளிகளோ, நல்ல மனசோடு, அந்த ஒரே சொல்லை அந்தப் பெண்ணிடம் நாள் தவறாமல் சொல்லி வந்திருக்கிறார்கள். நிலைமை மோசமான நாளில் இவளும் அதையே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். காலையில் அந்தப் பெண் நிம்மதியாக மூச்சுவிட்டது அதனால்தான். புதுசாக ஒன்றும் இல்லை, நேற்றைப் போலவே இருக்கிறார் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

கிளி அந்தப் பேச்சை ஒரு வரி விடாமல் இங்கிலீஷில் சொன்னாள். டாக்டரம்மாவுக்குக் குழப்பம். “காலையில உங்ககிட்ட கிரிட்டிகல்னு சொன்னேனேம்மா. நேத்து வரைக்கும் நான் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்ல. நீங்களும் வர்றேன்னு சொன்னீங்க. மத்தியானம் வரைக்கும் உங்களைத்தான் பாத்துட்டிருந்தோம். மறுபடி கூப்பிட்டப்ப உங்க வேலையிடத்துல யாரும் போனை எடுக்கல.”

இப்போதும் வழி இருந்தது. கிரிட்டிகல் என்ற இடத்தில் மறுபடி தெலிகாதோ என்று போட்டால் போதும். புகார் வராதவரை இந்தப் பதிவைத் தேடி எடுத்து யாரும் கேட்கப் போவதில்லை. முழுப் பூசணிக்காயை மறைக்க அவளிடம் சோறு இருந்தது. அவள் மறைக்கவில்லை. “கிரீத்திகோன்னு சொன்னேன்” என்று, டாக்டரம்மா சொன்ன சொல்லை அப்படியே அந்தப் பெண்ணிடம் சேர்த்தாள்.

அந்தப் பெண்ணின் குரல் அடங்கிப்போயிருந்தது. “அப்படியா சொன்னீங்க? மிஷின் சத்தத்துல எனக்குத்தான் காதுல விழலையா? அப்ப என் தப்புதான். நாந்தான் சரியா கேட்டுக்கல. நாந்தான் அவரைத் தனியா விட்டுட்டேன்.”

விதிப்படி கிளி இதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ‘என் தப்புதான்’ என்று தொடங்கினாள். அங்கேயே நிறுத்திக்கொண்டாள். இதை அந்தப் பெண்ணுக்காகச் சொல்லி முடித்துவிட்டால், அந்தப் பெண் ஆயுள் முழுக்க அதைச் சுமந்துகொண்டு திரிவாள். லாண்டரியில் துணி மடிக்கும்போதெல்லாம் நினைப்பாள், படுக்கும்போதெல்லாம் நினைப்பாள். டாக்டரம்மா கருணையோடு தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார்.

“மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்” என்றாள் கிளி, முதலில் ஸ்பானிஷில். “உங்க காது நல்லாத்தாம்மா கேட்டுச்சு. டாக்டர் கிரிட்டிகல்னு சொன்னாங்க. தெலிகாதோன்னு மாத்திச் சொன்னது நான். வேலை செய்யிற இடத்துல நீங்க பயந்துடக் கூடாதுன்னு மாத்தினேன். அப்புறம் அது தப்புன்னு எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் நாள் பூரா நான் யார்கிட்டயும் சொல்லல.” இதையே இங்கிலீஷிலும் சொன்னாள். சொல்லி முடித்தபோது இந்த வேலை முடிந்தது என்று தெரிந்தது. அது அவளுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

அந்தப் பெண் இப்போதுதான் கத்தினாள். அறையில் இருந்தவர்கள் ஓடிவருகிற சத்தம் கேட்டது.

“என்ன சொல்றாங்க?” என்றார் டாக்டரம்மா.

கிளி சொன்னாள். அவள் வேலை அதுதானே. “உன் வாய் அழுகிப்போகும். எனக்குப் பயம் வேணுமா வேணாமான்னு நீ யாருடி முடிவு பண்ண? உன் வீட்டு ஆம்பளை சாகும்போது உனக்கும் இப்படி ஒருத்தி வந்து சொல்லட்டும்.” வசவில் ஒன்றையும் குறைக்கவில்லை, அலங்கரிக்கவும் இல்லை. கோபமாக இருக்கிறார், வருத்தமாக இருக்கிறார் என்று சுருக்கிவிட இங்கிலீஷில் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. அவள் சுருக்கவில்லை.

டாக்டரம்மா கிளியிடம் சொன்னார். “வேற மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு பண்ணட்டுமான்னு கேளுங்க.”

கேட்டாள். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “வேணாம். அவளே இருக்கட்டும். எங்கயும் ஓடக் கூடாது. நான் ஒண்ணு கேக்கணும், அதையும் அவதான் சொல்லணும். சொன்னதை மட்டும் சொல்லச் சொல்லுங்க” என்றாள். “காலையில அவருக்கு நினைவு இருந்துச்சா?”

“இருந்தது” என்றார் டாக்டரம்மா. “மத்தியானம் வரைக்கும் இருந்தது.”

“எப்படி இருந்தார்?”

டாக்டரம்மா யோசித்தார். இவர் உறை போட்டுத் தந்தால் நானும் அப்படியே தந்துவிடலாம் என்று கிளி ஏங்கினாள். ‘சஞ்சலமாக இருந்தார்’, ‘கொஞ்சம் பதற்றமாக இருந்தார்’ என்று எத்தனை இருக்கிறது. அவர் போடவில்லை. “பயந்துட்டிருந்தார். கதவையே பாத்துட்டிருந்தார்.”

“பயந்துட்டிருந்தார்” என்றாள் கிளி ஸ்பானிஷில். “கதவையே பாத்துட்டிருந்தார்.”

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. அதை எந்தப் பாஷையிலும் சொல்ல முடியாது, அவள் காத்திருந்தாள். அது அடங்கியதும் அந்தப் பெண் கேட்டாள், “என்னைக் கேட்டாரா?”

கிளி கேட்டாள். டாக்டரம்மா பதில் சொன்னார். கிளி அதை எடுத்து, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள்.

“உங்க பேரைத்தான் சொல்லிட்டிருந்தார். எங்களுக்கு அவர் பாஷை தெரியாது. நீங்க வந்துட்டே இருக்கீங்கன்னு கதவைக் காட்டிக் காட்டிச் சொன்னோம். அவர் நம்பினார்.”